கத்தீப் எழுதிய மொய்க் கணக்கு

நிக்காஹ் இனிதே நிறைவுற்று, கடைசிப் பந்தியும் எழுந்து, வாடகைப் பாத்திரங்கள் எண்ணி அடுக்கப்படும் இரவு வேளையில் நம் ஊர்த் திருமண இல்லங்களில் ஒரு காட்சியைக் காணலாம். ஓர் அறையில் நான்கைந்து பேர் கூடி அமர்ந்திருப்பர். ஒருவர் கையில் நோட்டுப் புத்தகம். மற்றொருவர் மடியில் பணப்பை. யார் எவ்வளவு மொய் எழுதினார், அவர் வீட்டு விசேஷத்தில் நாம் எவ்வளவு எழுதியிருந்தோம், கூடிற்றா குறைந்ததா என்று பழைய நோட்டும் புதிய நோட்டும் ஒத்துப் பார்க்கப்படும். கணக்கில் குறை கண்ட இடத்தில் முகமும் சுருங்கும். மணமக்களுக்காகக் கையேந்தி துஆச் செய்துவிட்டுப் போன ஏழை உறவினரின் பெயர் எந்த நோட்டிலும் இராது.

விருந்துக்கு அழைத்தவரிடமே விருந்துச் செலவில் ஒரு பங்கைப் பெறலாமா? பெறலாமென்றால் கேட்கும் முறை யாது? கொடுத்த பணம் அன்பளிப்பா, கடனா? இக்கேள்விகள் நம் காலத்துப் புதுக் கேள்விகள் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் இவற்றுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் தொடக்கம் அண்ணலாரின் திருமணத்திலேயே இருக்கிறது.

கைபரிலிருந்து திரும்பும் வழியில்

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கி.பி. 628. கைபரிலிருந்து மதீனாவுக்குத் திரும்பும் வழியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தார்கள். மூன்று இரவுகள் வழியிலேயே தங்கல். பயணத்தில் இருந்த அந்தப் படையினரிடம் வலீமாவுக்கென ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. அப்போது பெருமானார் செய்தது யாது? தோல் விரிப்பு ஒன்றை விரிக்கச் சொன்னார்கள். தம்மிடம் உள்ளதை உள்ளவர் கொண்டு வரலாம் என்று அறிவித்தார்கள். ஒருவர் பேரீச்சம் பழம் கொண்டு வந்தார். ஒருவர் நெய் கொண்டு வந்தார். வறுத்த மாவும் வந்ததாகச் சொல்லப்படுகிறது. அனைத்தையும் ஒன்றாகப் பிசைந்து ‘ஹைஸ்’ என்னும் பண்டம் செய்தனர். அதுவே அல்லாஹ்வின் தூதருடைய வலீமா விருந்து என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

இச்செய்தியில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மணமகனே விருந்தினரிடம் வெளிப்படையாகக் கேட்டார்கள். அதில் இழிவு எதனையும் காணவில்லை. இரண்டாவது, கேட்டது பணத்தை அன்று. அன்றைய விரிப்பில் அனைவரும் சேர்ந்து உண்பதற்குரிய உணவை. மூன்றாவது, இல்லாதவருக்கு அக்கேள்வியில் சுமை இல்லை; உள்ளவரே கொண்டு வந்தனர், எல்லோரும் உண்டனர். பழம் கொண்டு வந்தவர் யார், நெய் கொண்டு வந்தவர் யார் என்று அவ்வறிவிப்பில் பெயர் கூறப்படவில்லை.

கேட்கும் பொறுப்பு யாருடையது?

முஸ்னது அஹ்மதில் இடம்பெறும் மற்றொரு செய்தி இன்னும் நெஞ்சைத் தொடுவது. ரபீஆ இப்னு கஅப் அல்-அஸ்லமீ (ரலி) அண்ணலாருக்குப் பணிவிடை செய்து வந்த ஏழைத் தோழர். நாயகம் (ஸல்) அவர்களே அன்ஸாரிக் குடும்பம் ஒன்றுக்கு அவரை அனுப்பிப் பெண் கேட்கச் செய்தார்கள். பெண் வீட்டாரும் மனமுவந்து இசைந்தனர். ஆனால் மஹருக்கு அவரிடம் ஒன்றுமில்லை. கவலையோடு திரும்பி வந்தவரைக் கண்டு காரணம் வினவிய பெருமானார், அஸ்லம் குலத்தவரான புரைதா (ரலி) அவர்களை அழைத்து, ஒரு பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கம் திரட்டித் தருமாறு பணித்தார்கள். மஹர் கொடுத்தாயிற்று. அடுத்து வலீமாவுக்கு வழியில்லை என்று மீண்டும் கவலை. இம்முறை குலத்தவர் கொழுத்த கிடா ஒன்றைச் சேகரித்துத் தந்தனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, வீட்டில் இருந்த ஒரே தானியமாகிய வாற்கோதுமையைக் கூடையோடு கொடுத்தனுப்பினார்கள். ரொட்டி சுடுவதைப் பெண் வீட்டார் ஏற்றனர். கிடாவைச் சமைப்பதை மாப்பிள்ளை பக்கத்தார் ஏற்றனர்.

ரபீஆ (ரலி) யாரிடமும் கை நீட்டவில்லை. அவருடைய முகவாட்டத்தைக் கண்டு, கேட்க வேண்டியவரிடம் தலைவர் கேட்டார்கள். திரட்டும் பொறுப்பைக் குலத்தின் பெரியவர் ஏற்றார். ஏழை மணமகனின் மானம் காக்கப்பட்டது. ஃபாத்திமா (ரலி) அவர்களை அலீ (ரலி) அவர்கள் மணந்தபோதும் ஸஅத் (ரலி) ஓர் ஆடு தர முன்வந்ததாகவும், அன்ஸார்கள் சிலர் சோளம் திரட்டிக் கொடுத்ததாகவும் அறிகிறோம். எனவே, கூடி நின்று கலியாணம் நடத்திக் கொடுப்பது நமக்கு அந்நியமான வழக்கமன்று.

உதவியை ஏற்காமல் ஒதுங்கியோரும் உண்டு. மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர் துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார். உழைத்துச் சேர்த்துப் பின்னர் மணம் புரிந்தபோது, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமாக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆட்டுக்கு இயன்றவரிடம் ஆட்டை எதிர்பார்த்தார்கள். இயலாத பயணத்தில் பழமும் நெய்யும் போதும் என்று கொண்டார்கள். கடன் வாங்கி ஊரையே அழைக்குமாறு யாரையும் ஏவவில்லை. செல்வரை அழைத்து வறியவரை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்ற எச்சரிக்கையும் அபூஹுரைரா (ரலி) வாயிலாக நமக்கு வந்திருக்கிறது.

நோட்டுப் புத்தகம் வந்த கதை

காலம் செல்லச் செல்ல, இஸ்லாம் பரவிய நாடுகளில் திருமணக் கொடைக்கு வழக்கமும் வரம்பும் ஏற்பட்டன. எகிப்து முதலிய அரபு நாடுகளில் மகிழ்ச்சி நிகழ்ச்சிகளில் வழங்கப்படும் பணத்துக்கு ‘நுகூத்’ என்று பெயர். நம் மொய்யின் உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லலாம். கொடுத்தவர் அதனைத் திருப்பிக் கேட்கலாமா, வாங்கியவர் இறந்துபோனால் வாரிசுகள் தர வேண்டுமா என்ற வினாக்கள் ஃபிக்ஹு அறிஞர்களின் முன் வந்தன.

ஷாஃபிஈ மத்ஹபில் ஸிராஜுத்தீன் புல்கீனீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 805) இதனை அன்பளிப்பு என்றார். வேறு சிலர் கடன் என்றனர். மக்காவில் வாழ்ந்த இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்), வழக்கம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுபடுவதால் அதனை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது; கடன் என்னும் எண்ணத்தோடு கொடுத்தாலன்றி அது அன்பளிப்பே என்று முடிவு கண்டார். அவருடைய மாணவரான பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஃபத்ஹுல் முயீன் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: கொடுத்தது போன்றதைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருந்தாலும் நுகூத் அன்பளிப்பே, கடனன்று. நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் நூல் அது.

ஹனஃபீ மத்ஹபின் வழி சற்று வேறு. பாலஸ்தீனத்து ரம்லா நகரின் கைருத்தீன் ரம்லீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 1081) தம் ஃபத்வாவில், பதிலுக்குப் பதில் என்னும் வழக்கம் உள்ள ஊரில் அதனைத் திருப்பித் தருவது கடமை. அவ்வழக்கம் இல்லாத ஊரில் அது அன்பளிப்பு என்றார். திமிஷ்கின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 1252, கி.பி. 1836) தம் ரத்துல் முஹ்தாரில் இதனை எடுத்துக் கூறிவிட்டு, தம் நாட்டு நிலையையும் சொல்கிறார். அங்குச் சில கிராமங்களில் இதனைக் கடனாகவே எண்ணினராம். விருந்துதோறும் ஊர்க் கத்தீபை அழைத்து வந்து, வரும் கொடைகளை எழுதச் செய்வராம். பின்னர்க் கொடுத்தவர் வீட்டில் விருந்து நடக்கும்போது வாங்கியவர் அந்தக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்து, அதே அளவு கொடுப்பாராம்.

இதைப் படித்தபோது நாம் வியப்புற்றோம். உசிலம்பட்டிப் பந்தலில் மேசை போட்டு அமர்ந்திருப்பவரை அன்றைய ஷாம் நாட்டுக் கிராமத்தில் கண்டது போல் இருந்தது. மிம்பரில் குத்பா ஓதும் கத்தீபே மொய்யும் எழுதினார் என்றால், ஊராரின் நம்பிக்கைக்குரியவர், எழுத்தறிந்தவர், கணக்கில் பொய் சேராதவர் என்பதால்தான் இருக்க வேண்டும். தோல் விரிப்பில் பெயரின்றி வந்து கலந்த கொடை, இங்கே பெயரும் தொகையுமாக ஏட்டில் ஏறிவிட்டது.

நம் பக்கத்து வழக்கங்கள்

நம் நாட்டில் இவ்வழக்கம் எல்லாச் சமயத்தாரிடையேயும் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதத்தில், திருமணமோ காதணி விழாவோ இல்லாமலே, மொய்க்கென்றே விருந்து வைப்பர். வட மலபாரில் வடகரைப் பகுதியில் ‘பணப்பயற்று’ என்று பெயர். தேநீரும் பலகாரமும் தந்து பணம் பெறுவர். அடுத்தவர் முறை வரும்போது பெற்றதை இரட்டிப்பாகத் திருப்புவர். அதில் ஒரு பாதி பழைய பணத்துக்கு, மறுபாதி புதிதாகக் கொடுப்பது என்று கணக்குச் சொல்வர்.

இவற்றைப் பழித்துரைக்க நாம் முன்வரவில்லை. வங்கி வாசலை மிதித்தறியாத உழவரும் சிறு வணிகரும் வட்டிக்காரரிடம் சிக்காமல் கிணறு வெட்டவும் மகளை மணமுடித்துக் கொடுக்கவும் இப்பணம் உதவியிருக்கிறது. ஆனால் இது கடன் என்றால் கடனுக்குரிய சட்டம் முழுவதும் இதன்மேல் வந்து நிற்கும். கடனோடு மரணித்தவரின் ஜனாஸாவுக்கு, அக்கடனை ஒருவர் பொறுப்பேற்கும் வரை தொழுகை நடத்த முன்வராத நபியின் உம்மத்து நாம். மொய் நோட்டோடு கண்மூடும் தகப்பனாரின் பிள்ளைகள் எத்தனை பேர் அதனைக் கடனாகக் கருதித் தீர்க்கின்றனர்? வாங்கும்போது அன்பளிப்பு, திருப்பக் கேட்கும்போது கடன் என்று இரண்டு பக்கமும் பேசுவது நீதியாகாது.

மக்களின் பொருளில் பெருக வேண்டுமென்று கொடுப்பது அல்லாஹ்விடம் பெருகாது என்று திருமறையின் அர்ரூம் அத்தியாயம் (30:39) உணர்த்துகிறது. கூடுதலாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கும் அன்பளிப்பையே இது குறிக்கும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) போன்றோர் விளக்கம் தந்துள்ளனர். அதில் குற்றமில்லை, கூலியும் இல்லை என்பது அவ்விளக்கத்தின் சாரம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இஹ்யாவில் இன்னும் ஆழமாகச் செல்கிறார்கள். கூடியிருப்போர் முன் வெட்கப்பட்டே ஒருவர் கொடுக்கிறார் என்று அறிந்தும் வாங்குவது ஹராம் என்பது அவர்கள் தீர்ப்பு. ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் கூவி அறிவிக்கும் பந்தல்களில் இத்தீர்ப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். கையில் பணமில்லாததால் அழைப்பு வந்தும் வீட்டிலேயே தங்கிவிடும் உறவினர் இல்லாத ஊர் ஏது? அவருக்குக் கதவைச் சாத்தியது வறுமையன்று, நம் நோட்டு.

ஆகவே வரலாறு நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம் இதுதான். இயலாதவருக்காக ஜமாஅத்தின் பெரியவர் கேட்கட்டும். மணமகனைக் கேட்க வைக்க வேண்டாம். விருந்துக்குப் பின் வசூலிப்பதைவிட, விருந்துக்கு முன் அரிசியாகவோ ஆடாகவோ சேர்த்துக் கொடுப்போம். கடனாகக் கொடுப்பவர் கடன் என்று சொல்லியே கொடுக்கட்டும். வாங்கியவர் எழுதி வைத்துக் கொடுத்த அளவே தீர்க்கட்டும். அன்பளிப்பாகக் கொடுப்பவர் கொடுத்த இடத்திலேயே மறந்துவிடட்டும். அன்பளிப்பை ஏற்றுப் பதிலும் அளிப்பது நாயகத்தின் பழக்கம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே வாங்கியவர் நன்றி மறக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வாறு திருப்பித் தருவது அவருடைய பண்பாக இருக்க வேண்டுமே தவிர, மற்றவர் நாடும் உரிமையாக மாறிவிடக்கூடாது.

இன்று கணினியில் மொய் பதிந்து, கையோடு ரசீதும் தருகின்றனர். கத்தீபின் நாணல் பேனா போய்க் கருவி வந்திருக்கிறது. ஏடு அதே ஏடுதான். நம் வீட்டு அடுத்த நிக்காஹில் மேசையை எடுத்துவிட்டு, ஒரு விரிப்பை விரித்துப் பார்ப்போமா? வல்ல நாயன் நம் கொடைகளையும் விருந்துகளையும் ஏற்றருள்வானாக!