எல்லைப் பிரதேசத்தில் ஒரு கல்வி வரலாறு

பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளியைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் நெடுஞ்சாலை, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று மேட்டுநிலத்திலிருந்து படிப்படியாக இறங்கிச் செல்லும் பிரதேசத்துக்குப் பல வரலாறுகள் உண்டு. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் கைப்பற்றிய மலைக்கோட்டைகளின் வரலாறு ஒன்று. 1970களுக்குப் பின் சிப்காட் வளாகத்தால் கேழ்வரகு வயல்களின் நடுவே தொழிற்சாலைகள் எழுந்த வரலாறு மற்றொன்று. சேலம் ஜில்லாவின் வடகோடியாக இருந்து, 1965இல் தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்து, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமாகத் தனித்து நின்ற இந்தப் பூமியில், கண்பார்வையோ செவிப்புலனோ நடக்கும் ஆற்றலோ குன்றிய பிள்ளைகளுக்குக் கல்வி எவ்விதம் வந்து சேர்ந்தது என்னும் வரலாறு மட்டும் பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கிறது. எழுதப்படவேண்டிய வரலாறு அது. இன்றைய கல்லூரிகள் கற்கவேண்டிய பாடம் அதனுள்ளேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அக்காலத்துச் சென்னை ராஜதானியில் பார்வையற்ற குழந்தைக்கு எழுத்தறிவிக்க விரும்பிய பெற்றோர் செல்லவேண்டிய இடம் திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கோட்டை. அங்கே கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் செவிப்புலன் அற்றோர்க்கும் பள்ளிகளை நிறுவினார்கள். எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானத்தில், 1901இல் ஸ்ரீநிவாச ராவ் என்பவர் அவ்விரு வகைக் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஓசூர்க் குடியானவன் ஒருவனுக்குப் பாளையங்கோட்டையைக் காட்டிலும் மைசூர் அண்மையானது. ஆயினும் அது வேறு ராஜ்யம், வேறு நிர்வாகம், வேறு பாஷையில் நடைபெறும் பாடம். ஆகவே அருகிலிருந்த பள்ளி ஆட்சியால் தூரமாகவும், சொந்த ராஜதானியின் பள்ளி வழியால் தூரமாகவும் இருக்க, அந்தப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் திண்ணையிலேயே வளர்ந்து திண்ணையிலேயே முதுமையடைந்தார்கள் என்று கருதுவதற்கு இடமிருக்கிறது.

இந்நிலையைச் சிறிதளவேனும் மாற்றியது லுத்தரன் திருச்சபை. அமெரிக்காவின் மிசூரி சபையார் இந்தியாவில் தங்கள் ஊழியத்தை 1895இல் தொடங்கிய இடம் கிருஷ்ணகிரியே. அவர்கள் வழிவந்த இந்திய லுத்தரன் திருச்சபையின் பார்வையற்றோர் பள்ளி பர்கூரில் அமைந்ததனால், இம்மாவட்டத்துப் பிள்ளைக்குத் தன் மண்ணிலேயே தங்கிப் படிக்கும் அனுகூலம் உண்டாயிற்று.

இவ்விடத்தில் பிரெயில் எழுத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்வது அவசியம். ஒரு வீட்டில் தமிழும், அடுத்த வீட்டில் தெலுங்கும், அதற்கடுத்த தெருவில் கன்னடமும் ஒலிக்கின்ற ஊர் ஓசூர். கண்ணால் படிக்கும் பிள்ளை இம்மூன்றையும் அறிய வேண்டுமானால் மூன்று நெடுங்கணக்குகளை மனனம் செய்யவேண்டும். ஆனால், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்ட பிறகு, விரலால் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சிரமம் பெரிதும் நீங்கிவிட்டது. ஆறு புள்ளிகள் கொண்ட கட்டத்தில், இடப்பக்க வரிசையின் மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் மாத்திரம் புடைத்து நின்றால் அது தமிழிலும் ககரம், தெலுங்கிலும் ககரம், கன்னடத்திலும் ககரம். அவற்றோடு வலப்பக்கத்து மேற்புள்ளி ஒன்று சேர்ந்தால் மூன்றிலும் மகரம். தமிழ் அச்சில் ‘கெ’ என்று எழுதுங்கால் உச்சரிப்பில் பின்வரும் உயிருக்கான கொம்பு முன்னே வந்து நிற்கிறது. பிரெயிலிலோ உயிர்க்குறி மெய்யை அடுத்து, வாய் ஒலிக்கும் முறைப்படியே அமைகிறது. எழுத்து என்பது கண்ணுக்குத்தான் உரியது என்ற எண்ணத்தைக் கைவிட்டு, விரலின் இயல்பை நோக்கி ஒரு முறையை அமைத்தவுடன், ஊரார் தடையென்று கருதிய இடத்திலேயே ஒரு விசேஷ வசதி பிறந்தது.

பள்ளியைக் கடந்து கல்லூரி வாயிலை அடைந்தவர்களுக்கு 1950களில் மத்திய அரசு உபகாரச் சம்பளம் அளிக்கத் தொடங்கிற்று. பணம் கிடைத்தது, பாடப்புத்தகம் பிரெயிலில் கிடைக்கவில்லை. ஆதலால் உடன்படிக்கும் தோழன் மனமிரங்கி வாசித்துக் காட்டினால் பாடம் உண்டு, இல்லையேல் இல்லை என்னும் நிலையே நெடுங்காலம் நீடித்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய மாணவனை நண்பர்கள் தோள்கொடுத்து மாடி வகுப்புக்கு ஏற்றிச் செல்வார்கள். நண்பர்கள் வராத நாளில் அவனுக்கு வகுப்பும் இல்லை. தோழமை உயர்ந்த தர்மம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவனுடைய கல்வி முழுவதும் மற்றொருவனுடைய நல்ல மனத்தை நம்பித் தொங்குமாறு விட்டுவிடுவது எந்த ஸ்தாபனத்துக்கும் நியாயமாகாது.

இந்த உண்மையை உணர்ந்து நடந்த கலாசாலை ஒன்று கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, அதே நெடுவழியில் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே மருத்துவராகப் பணியாற்றிவந்த மேரி வர்கீஸ் என்னும் இளம்பெண், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வையும் இயக்கத்தையும் இழந்தார். அவருடைய வைத்திய வாழ்வு அத்துடன் முடிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சீர்ப்படுத்தும் ரணசிகிச்சையில் உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் மட்டும் அவ்விதம் எண்ணவில்லை. கையில் செய்யும் சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்தபடியே செய்வதுதான் வழக்கம்; அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவர் அதைச் செய்வதற்கு என்ன தடை? மேரி வர்கீஸ் அதைச் செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் புனர்வாழ்வு மருத்துவத்தைக் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கென ஒரு துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையமும் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

இதே விவேகத்தை ஓசூரில் முதலில் காட்டியது கல்லூரியன்று, தொழிற்சாலை. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், தன் ஓசூர்க் கைக்கடிகாரத் தொழிற்சாலைக்குக் கிராமாந்தரங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களைத் திரட்டியபோது, மாற்றுத்திறனாளிகளையும் வேலையில் அமர்த்திற்று. நுண்ணிய பற்சக்கரங்களைப் பொருத்துவதற்குக் கூர்ந்த பார்வையும் நிதானமான விரல்களும் வேண்டுமேயன்றிச் செவியின் துணை வேண்டியதில்லை. மேசையின் முன் அமர்ந்து செய்யும் வேலைக்கு ஓடியாடும் கால்கள் வேண்டியதில்லை. பிரெயிலைக் கண்டவரும், பால் பிராண்டும், இந்தத் தொழிற்சாலையாரும் ஒரே வினாவையே எழுப்பினார்கள். இம்மனிதனிடம் என்ன குறை என்று அவர்கள் கேட்கவில்லை. இந்த வேலைக்கு உண்மையில் என்ன தேவை என்றே கேட்டார்கள்.

சட்டம் இதற்குப் பின்னரே வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் 3 சதவீத இடங்களை ஒதுக்கிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 5 சதவீதமாக்கி, ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. தேர்வு எழுத உதவியாளர் வேண்டுவோர்க்கு மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாத கூடுதல் அவகாசம் அளிக்கவேண்டுமென்று 2013இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. அதாவது, மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். சொல்லி எழுதவைப்பவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரைத்து, எழுதியதை வாசிக்கக் கேட்டு, திருத்தி, மேற்செல்லவேண்டியிருப்பதால், அந்த ஒரு மணி நேரம் மற்றவர்களுக்குச் சமமாக அவனை நிறுத்துகின்ற நியாயமேயன்றிச் சலுகையாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவும் ஆலோசனைப் பிரிவு, கட்டடத்தில் ஏறிச்செல்லும் வசதி, விசேஷ சாதனங்கள் ஆகிய மூன்றுக்கும் கல்லூரிகளுக்குப் பொருளுதவி வழங்கும் திட்டத்தை வகுத்தது.

இவ்வளவும் ஏட்டில் இருக்க, எல்லைப் பிரதேசத்து மாணவனுக்குரிய விசேஷத் துன்பங்கள் இரண்டு உள்ளன. ஓசூரில் வசிப்பவனுக்குப் பெங்களூர்க் கல்லூரி சுமார் 40 கிலோமீட்டர். செவிப்புலன் குன்றியோர்க்கென்றே வணிகவியலும் கணினிப் பயன்பாடும் கற்பிக்கும் சென்னை மாநிலக் கல்லூரியோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அருகிலுள்ளதை நாடினால் தன் மாநிலம் தரும் பேருந்துச் சலுகையும் ஒதுக்கீடும் அத்திப்பள்ளியோடு நின்றுவிடுகின்றன. அவற்றை நாடினால் வீட்டைத் துறந்து தொலைதூரம் போகவேண்டும். நூறாண்டுக்கு முன்னர் மைசூருக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தவித்தவனுடைய நிலை இன்னும் முற்றும் தீரவில்லை. மற்றொன்று, இங்கே எழுந்துள்ள சுயநிதிக் கல்லூரிகளைப் பற்றியது: 5 சதவீத ஒதுக்கீடு அரசின் நிதியைப் பெறாத கல்லூரிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் கட்டடத்தையும் வளாகத்தையும் அனைவரும் புழங்கத்தக்கதாக அமைக்கும் கடமையை, அரசின் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் அனைத்தின்மீதும் அதே சட்டம் சுமத்தியிருக்கிறது. ஒதுக்கீடு இல்லை என்பதைக் காரணமாகக் காட்டிச் சாய்தளம் கட்டாமல் இருப்பதற்கு எந்த நிர்வாகத்துக்கும் அதிகாரமில்லை.

ஆகவே, தகுதி பெற்றுவரும் மாணவர்களுக்கு இந்த எல்லைப்புறக் கல்லூரிகள் செய்யவேண்டியது பெரிய பிரயத்தனமன்று. மாடி ஏற முடியாத மாணவன் ஒருவன் சேர்ந்தால் அவனுடைய வகுப்பு முழுவதையும் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவரலாம். அதற்குக் கால அட்டவணையில் ஒரு திருத்தமே போதும். தேர்வு உதவியாளரைத் தேடும் பொறுப்பை மாணவன் தலையில் வைக்காமல், பருவத் தொடக்கத்திலேயே ஒரு பட்டியலைக் கல்லூரி தயாரித்து வைக்கலாம். இக்காரியங்களுக்கெல்லாம் பொறுப்பான ஆசிரியர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் அறை எண்ணையும் சேர்க்கை நாளன்றே ஒவ்வொரு மாணவனுக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டால், தோழர்களின் தோள்களில் தொங்கிக்கொண்டிருந்த கல்வி கல்லூரியின் கடமையாக மாறிவிடும்.