உயிலும் டிரஸ்டும்

ஒருவர் தம் இறப்புக்குப் பின் தமது சொத்து யாருக்கு, எவ்வாறு சேரவேண்டும் என்று சட்டப்படி அறிவிக்கும் ஆவணம் உயில் எனப்படும். சொத்தை ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்து, பிறர் நலனுக்காக அவர் அதனை நிருவகிக்குமாறு செய்யும் ஏற்பாடு டிரஸ்ட் ஆகும். இந்தியாவில் உயில்கள் பெரும்பாலும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கும், தனியார் டிரஸ்டுகள் 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டத்துக்கும் உட்பட்டவை. உயில் இல்லாதபோது அவரவருக்குரிய வாரிசுரிமைச் சட்டமே பங்கீட்டை முடிவு செய்யும்; எடுத்துக்காட்டாக, ஆண் இந்து ஒருவரின் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாக ஒருசேரப் பங்கு பெறுவர்.

உயில் எழுதுதல்

மனத்தெளிவுள்ள, வயது நிரம்பிய எவரும் உயில் எழுதலாம். எழுதியவர் அதில் கையொப்பமோ கைநாட்டோ இட்டிருக்க வேண்டும். குறைந்தது இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் சான்றொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை; சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதும் கட்டாயமன்று. மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழியுண்டு. எழுதியவர் உயிருடனும் மனத்தெளிவுடனும் இருக்கும்வரை உயிலை மாற்றவோ ரத்து செய்யவோ இயலும். இஸ்லாமியச் சட்டத்தில் வாய்மொழி உயிலும் செல்லும்; எனினும், வாரிசுகள் இசைந்தாலன்றி, ஈமச்செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதன்வழி அளிக்க இயலாது.

மெய்ப்பித்தல்

உயிலை நடைமுறைப்படுத்த அதில் நியமிக்கப்படுபவர் நிறைவேற்றுநர் ஆவார். உயில் உண்மையானது என நீதிமன்றம் அவருக்கு வழங்கும் சான்று புரோபேட் எனப்படும். வழக்கில் உயிலைச் சான்றாகக் காட்டுபவர், உயிருடன் இருக்கும் சாட்சிகளுள் ஒருவரையேனும் விசாரிக்கச் செய்ய வேண்டும். உயிலைச் சூழ்ந்த ஐயங்களை அதனை முன்வைப்பவரே அகற்ற வேண்டும் என்பது, வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் நிறுவிய நெறி.

டிரஸ்ட்

உயில் சொத்தைக் கைமாற்றுவதோடு நிற்கிறது; டிரஸ்ட் அதனைத் தொடர்ந்து பேணுகிறது. ஆதலால் சிறுவர்களுக்கும் மனவளர்ச்சி குன்றியோருக்கும் சொத்து வைப்போர் டிரஸ்டை நாடுகின்றனர். சொத்தை ஒப்படைப்பவர் நிறுவனர், நிருவகிப்பவர் டிரஸ்டி, பயன் பெறுபவர் பயனாளர் எனப்படுவர். நோக்கம், பயனாளர், சொத்து ஆகிய மூன்றும் ஐயமற வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அசையாச் சொத்தில் டிரஸ்ட் நிறுவப் பதிவு செய்த ஆவணமோ உயிலோ வேண்டும். பொது அறக்கட்டளைகள் 1882ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வாரா.

பச்சையப்ப முதலியார் உயில்

உயிலும் அறக்கட்டளையும் இணைந்து செயற்பட்டதற்குத் தமிழகத்தின் பெயர்பெற்ற சான்று பச்சையப்ப முதலியாரின் உயிலாகும். 1794இல் மறைந்த அவர் தம் செல்வத்தைக் கோயில் திருப்பணிகளுக்கும் அறங்களுக்கும் எழுதி வைத்தார். ஆயினும் அது நெடிய வழக்குகளில் சிக்கியது. நீதிமன்றத் தலையீட்டால் அறங்காவலர் பொறுப்புக்கு வந்த பின்னரே மிகுந்த நிதி கல்விக்குப் பயன்பட்டு, 1842இல் சென்னையில் பள்ளி தோன்றியது. உயிலின் வாசகம் எத்துணைத் தெளிவாயினும், அதனை நிறைவேற்றும் பொறுப்பாளர் சரியாக அமையாவிடில் எழுதியவரின் விருப்பம் பல்லாண்டுகள் முடங்கக்கூடும் என்பதை அவ்வழக்கு வரலாறு காட்டுகிறது.