பிணத்தின் மீது ஒரு விசாரணை

1936 ஜூன் 22. வியன்னா பல்கலைக்கழகப் படிக்கட்டில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்லிக் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அவருடைய முன்னாள் மாணவர் யோகான் நெல்பொக். தனிப்பட்ட பகை இருந்தது. ஆனால் ஷ்லிக்கின் தத்துவம் தன் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது என்றும் அவர் நீதிமன்றத்தில் சொன்னார்.

அது என்ன தத்துவம்? ஷ்லிக்கைச் சுற்றிக் கூடிய அறிஞர்களை வியன்னா வட்டம் என்கிறோம். பகுப்பாய்வுத் தத்துவத்தின் முக்கியமான கிளை அது. அவர்கள் கேட்டது எளிய கேள்விதான்: நீ சொல்வதை எதை வைத்துச் சோதிப்பது? சோதிக்க வழியே இல்லாத கூற்று எவ்வளவு புனிதமாக ஒலித்தாலும், உலகத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை என்றார்கள்.

இதை அவர்கள் வகுப்பறைக்குள் பூட்டி வைக்கவில்லை. 1928இல் எர்ன்ஸ்ட் மாக் சங்கம் தொடங்கி, பொதுமக்களுக்கு உரைகள் நடத்தினார்கள். ஓட்டோ நொய்ராத் ஓர் அருங்காட்சியகம் அமைத்து, சமூகப் புள்ளிவிவரங்களைத் தொழிலாளர்களுக்குப் படங்களாக விளக்கினார். 1934இல் சர்வாதிகார அரசு அந்தச் சங்கத்தைக் கலைத்தது. நொய்ராத் ஹாலந்தில் தஞ்சம் புகுந்தார்.

ஷ்லிக் கொல்லப்பட்டதும் வலதுசாரிப் பத்திரிகைகள் சில அவரையே குற்றவாளி ஆக்கின. யூதச் சிந்தனையைப் பரப்பினாராம். அவர் யூதரே அல்ல. பத்தாண்டு தண்டனை பெற்ற கொலையாளியோ, நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938இலேயே வெளியே வந்துவிட்டார். செத்தவரை விசாரித்துக் கொன்றவரை விடுவிக்கும் இந்த நியாயம் நமக்குப் பழகியதுதான்.

அந்த வட்டத்தோடு சில மாதங்கள் இருந்து திரும்பியவர் ஏ.ஜே. அயர் என்ற இங்கிலாந்து இளைஞர். 1936இல் வந்த தன் முதல் நூலில், 'கடவுள் உண்டு' என்பது பொய்கூட அல்ல, பொருளற்றது என்று எழுதினார். பின்னாளில், 1965 முதல் 1970 வரை, பிரிட்டிஷ் மனிதநேயச் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

இங்கே நாம் சற்று நின்று கேட்க வேண்டும். அறக்கூற்றுகளும் உணர்ச்சியின் வெளிப்பாடே என்றவர் அயர். அப்படியானால் 'தீண்டாமை கொடுமை' என்பதும் வெறும் உணர்ச்சிதானா? தர்க்கம் மட்டுமே நீதியைத் தந்துவிடாது என்பது உண்மை. ஆனால் ஒரு வேலையை அது செய்து முடிக்கிறது. பிறப்பால் வரும் உயர்வு தாழ்வு கடவுள் வகுத்தது என்னும் கூற்றின் புனிதப் போர்வையைக் கழற்றிவிடுகிறது. சாதி மனிதர் செய்தது என்றாகிவிட்டால், அதற்கு மனிதர்தான் பதில் சொல்லியாக வேண்டும். மதம் சாரா மனிதநேயம் தொடங்கும் இடம் அதுதான்.

எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்போம். கேட்டதோடு நிற்காமல், யார் பக்கம் நிற்கிறோம் என்பதையும் சொல்வோம்.