கேமராவின் சிக்கனம், கம்ப்யூட்டரின் கடன்

ஓரிடத்தில் மிச்சம் பிடித்த செலவு இன்னோரிடத்தில் வந்து நிற்கும். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். வீட்டு வீடியோ கேமராக்கள் 'ஹை டெஃபனிஷன்' ஆன கதையும் அப்படித்தான்.

முதலில் அதற்கு முந்தைய நிலையைப் பார்ப்போம். 1995-ல் மினி டிவி கேசட் வந்தது (டிவி பெட்டி அல்ல, டிஜிட்டல் வீடியோ!). இதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்ட ஒரு முழுப் படம். எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம். 1999-ல் ஆப்பிளின் ஐமூவியும், 2000-ல் விண்டோஸ் மூவி மேக்கரும் வந்ததும், எடிட்டிங் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது.

2003-ல் சோனி, கேனன், ஷார்ப், ஜேவிசி நான்கும் சேர்ந்து எச்டிவி என்ற முறையை அறிவித்தன. அதே கேசட், விநாடிக்கு அதே 25 மெகாபிட். ஆனால் படத்தின் அளவு மட்டும் 720-க்கு 576 புள்ளிகளிலிருந்து 1440-க்கு 1080 ஆனது. அதாவது 3.75 மடங்கு! அதே இடத்தில் இவ்வளவு எப்படி அடங்கியது?

எம்பெக்-2 சுருக்கம்தான் காரணம். இந்தியா போன்ற 25 ஃபிரேம் நாடுகளில் 12 ஃபிரேம்கள் ஒரு குழு. அதில் ஒன்றுதான் முழுப் படம். மற்றவை, என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. பேரேட்டில் ஆரம்ப இருப்பை எழுதிவிட்டு, பிறகு வரவு செலவை மட்டும் எழுதுவது போல. எட்டாம் நாள் இருப்பு வேண்டுமானால் முதல் நாளிலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். குழுவின் நடுவில் வெட்டினால் மீதிப் பாதிக்கு ஆரம்ப இருப்பே இல்லை. மென்பொருள் அந்தப் பகுதியைப் புதிதாக உருவாக்க வேண்டும். டேப்பில் ஒரு சிறு பழுது இருந்தாலும் சுமார் அரை விநாடி படம் உறைந்து போகும்.

2005-ல் சோனியின் எச்சி1 போன்ற சிறிய கேமராக்கள் வந்தபோது, விண்டோஸ் எக்ஸ்பியின் மூவி மேக்கரால் எச்டிவியை ஏற்கவே முடியவில்லை. அதே ஆண்டு வந்த ஐமூவி எச்டி வேறு வழி பார்த்தது. எல்லா ஃபிரேமையும் முழுப் படமாக மாற்றி வைத்துக்கொண்டது. எடிட்டிங் சுலபமானது. ஆனால் மணிக்கு 11 ஜிபி இருந்த வீடியோ, ஹார்ட் டிஸ்க்கில் மூன்று மடங்குக்கும் மேல் இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் பக்கம் சினிஃபார்ம் இதே வேலையைச் செய்தது.

2006-ல் சோனியும் பேனசோனிக்கும் ஏவிசிஎச்டியைக் கொண்டுவந்தன. கேசட் போய் டிவிடி, ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு வந்தன. கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்வது சில நிமிட வேலை. மகிழ்ச்சி அதோடு முடிந்தது! இதிலிருந்த எச்.264 சுருக்கம் எம்பெக்-2-ஐ விடச் சிக்கலானது. அன்றைய பல வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எடிட் செய்வது இருக்கட்டும், தடங்கலின்றி ஓட்டிக் காட்டவே திணறின. ஐமூவி 08-ல் ஏவிசிஎச்டி வேண்டுமானால் இன்டெல் மேக் கட்டாயம். விஸ்டாவின் மூவி மேக்கரோ, உயர் பதிப்புகளில் எச்டிவி வரை வந்து நின்றுவிட்டது.

பொறுமையாக எடிட் செய்து முடித்தாலும், அதை எதில் எழுதுவது? புளூ-ரேயும் எச்டி டிவிடியும் 2008 பிப்ரவரி வரை சண்டையிட்டுக்கொண்டிருந்தன. பலரும் கடைசியில் சாதாரண டிவிடியில்தான் எழுதினார்கள். காசு கொடுத்து வாங்கிய தெளிவு அங்கேயே போய்விட்டது.

தீர்வு மெதுவாக வந்தது. 2009-ல் விண்டோஸ் 7, எச்.264-ஐப் படிக்கும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. 2011-ல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் சிப்புகளில் வீடியோவுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. அதே ஆண்டு ஃபைனல் கட் புரோ எக்ஸ் 64-பிட்டுக்கு மாறியது. அதாவது கேமரா விற்றுச் சில வருடங்கள் கழித்துத்தான் அதற்கு ஏற்ற கம்ப்யூட்டர் வந்தது. நடுவிலிருந்த செலவை, ஹார்ட் டிஸ்க்காகவும், புதுக் கம்ப்யூட்டராகவும், விழித்திருந்த இரவுகளாகவும் கட்டியவர்கள் வாங்கியவர்களே. 2017-ல் ஐபோன்கள் எச்இவிசி முறைக்கு மாறியபோதும், பழைய கம்ப்யூட்டர்கள் அதேபோலத் திணறின.

இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. டிவிடியில் எழுதிவிட்டோமே என்று கேசட்டில் மேலேயே மறுபடி பதிவு செய்தவர்களுக்கு, அந்தக் கல்யாணமும் பிறந்தநாளும் மங்கலாகத்தான் கிடைக்கும். கேசட்டை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு மணி நேர டேப்பை ஏற்ற ஒரு மணி நேரம் ஓட்டியாக வேண்டும், புதிய கம்ப்யூட்டர்களில் ஃபயர்வயர் இணைப்பும் இல்லை. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கேசட் இருந்தால், கேமரா ஓடும்போதே ஏற்றி வைத்துவிடுங்கள். எடிட்டிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.