பெங்களூர்த் தண்டும் கால்பந்தும்

பிழைப்பைத் தேடிப் பிற மாநிலம் சென்ற தமிழர், தாம் புகுந்த ஊருக்கு என்ன அளித்தனர்? பெங்களூரைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குப் பல விடைகள் உண்டு. அவற்றுள் நாம் எளிதில் மறந்துவிடும் ஒன்று, கால்பந்தாட்டம்.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தம் படைவீட்டை அமைத்தனர். அதனையே நம்மவர் 'தண்டு' என வழங்கினர். படையோடு தமிழ் மக்களும் வந்து குடியேறினர். சிப்பாய்களாகவும், வணிகர்களாகவும், கட்டடத் தொழிலாளராகவும், ஏவல் புரிவோராகவும் அவர்கள் வாழ்ந்தனர். அல்சூரும் அதனை அடுத்த கௌதமபுரமும் தமிழ் ஒலிக்கும் பகுதிகளாயின. வெள்ளைச் சிப்பாய்கள் மைதானத்தில் பந்தாடுவதைக் கண்டு, இப்பகுதிச் சிறுவரும் பந்தாடத் தொடங்கினர். பார்த்துப் பழகிய கண்ணும் காலுமே அவர்களுக்கு ஆசான்.

இவ்வாறு வேரூன்றிய ஆட்டம், விரைவில் நாடறிந்த கழகங்களை ஈன்றது. அவற்றுள் தலையாயது 'பெங்களூர் முஸ்லிம்ஸ்' கழகம். பம்பாயில் 1891-ஆம் ஆண்டு தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை, நெடுங்காலம் ஆங்கிலப் பட்டாளங்களின் கையிலேயே இருந்தது. 1937-ஆம் ஆண்டில் பெங்களூர் முஸ்லிம்ஸ், கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை வென்று அக்கோப்பையைக் கைப்பற்றியது. அதனை வென்ற முதல் இந்தியக் கழகம் இதுவே. மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது, ஆர்கைல் சதர்லண்டு ஹைலண்டர்ஸ் என்னும் ஸ்காத்லாந்துப் பட்டாளம். அதுவும் தோற்றது. ஆட்டத்தைக் கொணர்ந்தவர் ஆட்டத்தில் தோற்றனர்; அதுவும் நாடு விடுதலை பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே!

1948-ஆம் ஆண்டில் இக்கழகம் மோகன் பகானைத் தோற்கடித்து மூன்றாம் முறையாகக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு, லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் விடுதலை பெற்ற இந்தியா முதன்முறையாகக் கால்பந்தாடியது. நம் வீரருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றபோதிலும், இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூரில் பிறந்த சாரங்கபாணி இராமன். அவருடன் சென்ற அகமது கானும் தன்ராஜும் பெங்களூரினரே. பின்னர் அவ்விருவரும் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் 'பஞ்ச பாண்டவர்' எனப் புகழ்பெற்ற ஐவருள் இடம்பெற்றனர். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பொற்பதக்கம் பெற்ற அணியில் இருந்த அருமைநாயகமும் இந்நகரத்தின் மைந்தரே.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு வருத்தமும் உண்டு. வீரர்களை வளர்த்தது பெங்களூர்; அவர்களை வாழவைத்தது கல்கத்தா. கல்கத்தாக் கழகங்களை வென்ற ஊரே, தன் மைந்தரை அக்கழகங்களுக்கு அனுப்பியது. மும்முறை ரோவர்ஸ் கோப்பையை வென்ற கழகத்தின் பெயரை இன்று அறிந்தோர் சிலரே. 2013-இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி.யையே இன்றைய இளைஞர் அறிவர்.

எனினும் கௌதமபுரத்துத் தெருவில் பிரேசில் நாட்டு வீரர் பெலேயின் சிலை நிற்கிறது. அம்பேத்கர், புத்தர் சிலைகளுக்கு அருகே ஒரு பந்தாட்டக்காரனுக்கும் இடமளித்த மக்கள், தம் முன்னோரின் ஆட்டத்தை மறந்தவரல்லர். பட்டாளத்துக்கு ஏவல் செய்ய வந்தோரின் மக்கள், நகரத்துக்கே புகழ் தேடித் தந்தனர். புகுந்த ஊர் நம் ஊராவது, நாம் அங்கே பெற்றதனால் அன்று, அளித்ததனாலேயே ஆகும்.