ஸ்பாக்கின் மரணமும் ரசிகனின் உரிமையும்

ஒரு கதை முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் யாருடையது? எழுதியவனுடையதா, பணம் போட்டவனுடையதா, அதை மனசில் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் திரிபவனுடையதா? இப்படிக் கேட்டால் இலக்கிய விசாரம்போலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வி மிகுந்த சூட்டோடும் மிகப் பெரிய கூட்டத்தாலும் விவாதிக்கப்பட்டது இலக்கிய வட்டங்களில் அல்ல. அமெரிக்காவில் 1966இல் டெலிவிஷன் தொடராகத் தொடங்கி, 1979 முதல் 2016 வரை பதின்மூன்று திரைப்படங்களாக நீண்ட ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விஞ்ஞானக் கதையின் ரசிகர்கள் மத்தியில்தான்.

இந்தச் சரித்திரத்தை நான் எடுத்துக்கொள்வது அந்தப் படங்களின் மீதுள்ள மோகத்தால் அல்ல. முதல் தொடரின் 79 பகுதிகளில் சலிப்பில்லாமல் பார்க்கக் கூடியவை ஒரு பத்துப் பன்னிரண்டு தேறும். படங்களில் இரண்டு மூன்று. இருபத்துமூன்றாம் நூற்றாண்டில் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பல், அதற்குக் கிர்க் என்ற துடிப்பான காப்டன், உணர்ச்சியைக் கட்டிவைத்து அறிவால் மட்டுமே வாழ முயலும் ஸ்பாக் என்ற பாதி அந்நியன் - சரக்கு இவ்வளவுதான். ஆனால் படைப்பு சுமாராக இருக்க, அதைச் சுற்றி எழுந்த பேச்சு படைப்பைவிடக் கூர்மையாக அமைந்துவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் விமர்சகனுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் என்.பி.சி.யில் 1966 செப்டம்பர் 8ஆம் தேதி தொடங்கியது. பார்ப்போர் தொகை கம்பெனிக்குத் திருப்தியாக இல்லை. இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தப்படும் என்ற பேச்சு கிளம்பியபோது, விஞ்ஞானக் கதை வாசகர் வட்டத்தைச் சேர்ந்த பீஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் ஒரு கடித இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரே வாசகத்தை நகலெடுத்து ஆயிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரும் தன் காரணத்தைத் தன் வார்த்தையில் எழுதுங்கள் என்பது அவர்கள் சொன்ன யோசனை. 1968 ஜனவரியில் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக மாணவர்கள் என்.பி.சி.யின் பர்பாங்க் நிலையத்துக்கு ஊர்வலம் போனார்கள். கடிதங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. பத்து லட்சம் என்று ரசிகர்கள் சொல்லிக்கொண்டார்கள். மார்ச் 1ஆம் தேதி, அன்றைய பகுதி முடிந்ததும், தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்கப்பட்டது.

வெற்றிதான். ஆனால் எந்த மாதிரியான வெற்றி? மூன்றாம் வருஷத்துக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. இந்தத் தொடரின் இளம் ரசிகர்கள் வீட்டில் இருக்கவே மாட்டாத நேரம். ராடன்பெரி அன்றாடத் தயாரிப்பிலிருந்து விலகிக்கொண்டார். அந்த வருஷத்தின் முதல் பகுதியில் யாரோ வந்து ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். ரசிகர்களே இன்றுவரை சிரித்துச் சொல்லும் பகுதி அது. 1969 ஜூன் 3ஆம் தேதி எல்லாம் முடிந்தது. கடிதங்கள் உயிரை நீட்டிக்கொடுத்தன; அந்த உயிரின் தரத்தை அவற்றால் தீர்மானிக்க முடியவில்லை. பிறகு வந்த அரை நூற்றாண்டு விவாதத்தின் சாரம் முழுவதும் இந்த முதல் சம்பவத்திலேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆனால் கடிதம் எழுதுவதோடு அந்த ரசிகர்கள் நின்றுவிடவில்லை. 1967லேயே ‘ஸ்பாக்கனேலியா’ என்ற பத்திரிகை வந்துவிட்டது. ஸ்டென்ஸில் வெட்டி, கையால் உருட்டி, மடித்துத் தைத்து, கைக்காசு போட்டுத் தபாலில் அனுப்பிய பத்திரிகை. முதல் இதழிலேயே ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமாயின் கடிதம் இருந்தது. அதைத் தொடர்ந்து எத்தனையோ பத்திரிகைகள். நடத்தியவர்களிலும் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். தொடர் சொல்லாமல் விட்டதை இவர்கள் சொல்லிப் பார்த்தார்கள்: ஸ்பாக்கின் கிரகத்தில் குடும்பம் எப்படி நடக்கும், உணர்ச்சியை மறுக்கும் ஒரு சமூகத்தில் துக்கம் எங்கே போகும் என்றெல்லாம். லாபம் இல்லை, பிரதிகள் சில நூறு, படிப்பவரும் எழுதுபவரும் அநேகமாக ஒரே ஆட்கள். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு இந்த நிலைமையை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பக்கங்களில் வந்தவற்றில் குப்பையும் ஏராளம். அதைக் குப்பை என்று முதலில் சொன்னதும் அவர்கள்தான். 1973இல் ‘மெனாஜெரி’ என்ற பத்திரிகையில் பாலா ஸ்மித் ஒரு குட்டிக் கதை எழுதினார். பதினைந்தரை வயதுப் பெண், கப்பற்படையிலேயே இளைய லெஃப்டினண்ட், பேர் மேரி ஸூ. எல்லாக் கலையிலும் தேர்ந்தவள், பார்த்தவரெல்லாம் மயங்குகிறார்கள், கப்பலை ஒருத்தியாக நடத்திக் காப்பாற்றிவிட்டு, எல்லோரும் அழ, செத்துப்போகிறாள். தன்னையே கதாநாயகியாக்கித் தன் ஆசையைப் பந்திபரிமாறும் எழுத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் தோலுரித்ததில்லை. மேரி ஸூ என்ற பெயர் இன்று உலகமெங்கும் விமர்சனச் சொல்லாக வழங்குகிறது. பல்கலைக்கழகம் கொடுத்த சொல் அல்ல, ஸ்டென்ஸில் பத்திரிகை கொடுத்த சொல்.

இதற்குள் தொடர் உள்ளூர் நிலையங்களில் மறு ஒளிபரப்பாகி, முதல் தடவை கிடைக்காத கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ரசிகர் மாநாட்டுக்குச் சில நூறு பேர் வரலாம் என்று நினைத்திருக்க, மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 1976இல், கான்ஸ்டிட்யூஷன் என்று பெயரிடப்பட இருந்த நாஸாவின் முதல் விண்ணோடம், ரசிகர்களின் கடிதங்களுக்குப் பிறகு எண்டர்பிரைஸ் ஆயிற்று. 1979 டிசம்பரில் ராபர்ட் வைஸ் இயக்கத்தில் முதல் திரைப்படம். நான்கு கோடி டாலருக்கு மேல் விழுங்கிய, பிரம்மாண்டமான, மந்தமான படம். கம்பெனி இரண்டாவது படத்தை ராடன்பெரியிடமிருந்து பிடுங்கி ஹார்வ் பென்னட்டிடம் கொடுத்து, செலவை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது. அந்தப் படத்தில் ஸ்பாக் சாகப்போகிறான் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டது.

கடிதங்கள் மறுபடியும் புறப்பட்டன. இம்முறை தொனி வேறு. 1968இல் ‘கதையை நிறுத்தாதே’ என்றவர்கள் இப்போது ‘கதையில் இது நடக்கக் கூடாது’ என்றார்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னது வாசகனின் வேண்டுகோள். பின்னது எஜமானனின் ஆணை.

இந்த ஆணைக்கு ஒரு மூதாதை உண்டு. 1893 டிசம்பரில் கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை ரைஷன்பாக் அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் பொறுக்கவில்லை. 1901இல் மரணத்துக்கு முந்திய சம்பவம் என்று சாக்குச் சொல்லி ஒரு நாவலைத் தொடங்கினார். 1903இல் சாகவே இல்லை என்று எழுதி உயிரோடு திருப்பிக் கொடுத்தார். 1911இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்ட்காரர் இந்தக் கதைகளின் முரண்பாடுகளை வேதாகம ஆராய்ச்சியின் பாணியில், மூலம் எது இடைச்செருகல் எது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். வேதாகம ஆராய்ச்சியைக் கேலி செய்ய எழுந்தது அது. டாயில் அதைப் படித்துவிட்டு, இந்த விஷயத்தில் தன்னைவிட நாக்ஸுக்கு அதிகம் தெரிந்திருக்கிறதே என்று அவருக்கே எழுதினார்.

1982 படத்தை இயக்கிய நிக்கலஸ் மேயர் இந்த ஹோம்ஸ் பரம்பரையைச் சேர்ந்தவர். ஹோம்ஸை ஃப்ராய்டிடம் சிகிச்சைக்கு அனுப்பும் ஒரு நாவலை 1974இல் எழுதிப் பெயர் பெற்றவர். அதாவது, அவரே இன்னொருவன் கதையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட ஒரு ரசிகர். ‘ஸ்டார் ட்ரெக்’கை அதற்குமுன் அவர் பார்த்ததில்லை, கையிலிருந்த ஐந்து வரைவுகளிலும் யார் யாருக்கு எது பிடித்தது என்று பட்டியல் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு, பன்னிரண்டே நாளில் புதுத் திரைக்கதை எழுதினார். ரசிகர்களின் ஆணைக்கு அவர் பணியவும் இல்லை, அதை அலட்சியம் செய்யவும் இல்லை. படம் தொடங்கிச் சில நிமிஷங்களுக்குள் கப்பல் தாக்கப்படுகிறது. ஸ்பாக் விழுந்து சாகிறான். விளக்குகள் எரிகின்றன: எல்லாம் பயிற்சி, நாடகம். செத்தவனைப் பார்த்து கிர்க் கேலி பேசுகிறான். வதந்தி இவ்வளவுதானா என்று அரங்கம் மூச்சு விடுகிறது. அந்த நிம்மதியில் இருப்பவர்களின் முன்னால், படத்தின் முடிவில், ஸ்பாக் நிஜமாகவே சாகிறான். கதிர்வீச்சு நிரம்பிய அறைக்குள் அவன். கண்ணாடிக்கு இப்பால் கிர்க். தொட முடியாது. கண்ணாடியில் கை வைக்கத்தான் முடியும்.

இதைத்தான் நான் பதில் என்கிறேன். விவாதத்தைக் கதைக்குள் இழுத்து, கதையின் தர்க்கத்தாலேயே அதைத் தாண்டிப் போவது. கடிதம் எழுதிய அத்தனை பேரையும் கண்ணாடிக்கு இப்பால் நிற்கவைத்துவிட்டார் மேயர். ஆனால் வியாபாரத்துக்கு இந்த முடிவு தாங்கவில்லை. முன்னோட்டத்தில் பார்த்தவர்கள் சோர்ந்துபோனார்கள் என்று, ஸ்பாக்கின் பேழை பசுமையான ஒரு கிரகத்தில் கிடப்பதுபோலக் காட்சி சேர்க்கப்பட்டது. மேயர் எதிர்த்தார், பயனில்லை. 1984இல் அடுத்த படம், நிமாயே இயக்க, ஸ்பாக் எழுந்து வந்துவிட்டான். ரசிகர்கள் ஜெயித்தார்கள். கலை தோற்றது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. ஹோம்ஸ் திரும்பி வந்த பிறகும் நல்ல கதைகள் வந்தன. ஆனால் மரணம் ரத்தானது என்பது ஒரு முன்னுதாரணம். அன்று முதல் இந்தக் கதையுலகத்தில் எதுவும் முடிவானது அல்ல. ஆகவே எதற்கும் விலையும் இல்லை.

நாக்ஸ் விளையாட்டாகத் தொடங்கியதை இங்கே உத்தியோகமாக்கினார்கள். திரையில் வந்தது மட்டுமே மூலம், நாவல்கள் சேர்த்தியில்லை என்று உரிமையாளர் தரப்பில் விதி ஏற்பட்டது. எதிர்காலம் எப்படி இருக்க வேண்டும் என்ற சர்ச்சை, கடந்த காலத்தில் எது செல்லுபடியாகும் என்ற சர்ச்சையாக மாறியது. முன்பு சொன்னதற்குப் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதே விமர்சனம் என்று ஆயிற்று. 2009இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இந்தச் சுமையிலிருந்து தப்ப, கதைக்குள்ளேயே காலத்தைக் கிளைபிரித்து, பழைய பாத்திரங்களை இளைஞர்களாக்கி வேறு தண்டவாளத்தில் ஏற்றினார். சுதந்திரம் கிடைத்தது. அதை வைத்து 2013இல் என்ன செய்தார்? 1982இன் மரணக் காட்சியையே திரும்ப எடுத்தார். கண்ணாடிக்கு உள்ளே இப்போது கிர்க், வெளியே ஸ்பாக். அதே கை, அதே கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் ஒரு ஊசி மருந்தில் கிர்க் பிழைத்துக்கொள்கிறான். உலகமெங்கும் சுமார் 46 கோடி டாலர் வசூல். இந்த வரிசையில் வேறெந்தப் படமும் இவ்வளவு வசூலித்ததில்லை.

‘ரசிகர்கள்தான் கெடுத்தார்கள், அவர்கள் கேட்டதைக் கொடுத்ததால் வந்த வினை’ என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ரசிகன் இரண்டு வகையில் பேசுகிறான். எழுதிப் பார்த்துப் பேசுவது ஒன்று. மனுக் கொடுத்துப் பேசுவது மற்றொன்று. முன்னதில் அவன் தன் ஆசையின் விளைவைத் தானே அனுபவிக்கிறான், மேரி ஸூவைத் தானே கண்டு சிரிக்கிறான். பின்னதில் அவன் வாடிக்கையாளன். வாடிக்கையாளனுக்குப் பழைய ருசிதான் வேண்டும். கம்பெனிக்குக் காதில் விழுவது இந்த இரண்டாவது குரல் மட்டுமே. முதல் குரலை அது என்ன செய்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் படத்துக்குப் பொதுமக்களிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தபோது, 2015 டிசம்பரில் பாரமவுண்டும் ஸி.பி.எஸ்.ஸும் வழக்குப் போட்டன. 2016 ஜூனில் விதிகள் வந்தன: ரசிகர் படம் பதினைந்து நிமிஷம், இரண்டு பாகமானால் முப்பது, திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. சட்டப்படி நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ஸ்டென்ஸில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வாழ்த்திய நாட்களிலிருந்து, நிமிஷத்தை எண்ணிக் கொடுக்கும் நாள்வரை வந்த தூரம் சிறியதல்ல.

2013 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் கூடிய ரசிகர்கள் எல்லாப் படங்களையும் தரவரிசைப்படுத்தினார்கள். ஒரு கூடத்தில் இருந்தவர்களின் வாக்கு. பெரிய புள்ளிவிவரம் ஒன்றும் அல்ல. முதலிடம் ஸ்பாக் சாகும் 1982 படத்துக்கு. கடைசி இடம், அதே காட்சியை அவர்களுக்காகவே திருப்பிப் படைத்த, அந்த வருஷத்துப் படத்துக்கு. ஏழாவது இடத்தில் இருந்தது ‘ஸ்டார் ட்ரெக்’ படமே அல்ல: இந்தத் தொடரையும் அதன் ரசிகர்களையும் அன்போடு கிண்டல் செய்து 1999இல் வேறொரு கம்பெனி எடுத்த ‘காலக்ஸி க்வெஸ்ட்’. அசல் முத்திரை குத்திய படங்கள் சில அதற்குக் கீழே கிடந்தன. விதி வகுத்தவர்கள் யாரையும் கேட்காமல், எது தங்களுடையது என்று அந்தக் கூட்டம் தானே முடிவு செய்துகொண்டது. மேரி ஸூவைச் சிரித்தே கொன்றவர்களின் வாரிசுகள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.