தேக்கடி: பட்டை உரித்த கைகளே காவலான கதை

கேரளத்தின் தேக்கடி ஏரியில் படகு கிளம்பியதும் முதலில் கண்ணில் படுபவை தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்கள். கிளைகள் உதிர்ந்து, கறுத்த அடிமரம் மட்டும் நீருக்கு மேலே நீண்டிருக்கும். அதன் உச்சியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அது.

மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்ட ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக்கை மதுரைச் சீமை இன்றும் கும்பிடுகிறது. தேனி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தவர்கள் உண்டு. அணையின் மறுபக்கத்தில் நடந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேங்கிய நீர், கோடையிலும் வற்றாத குடிநீர்த்துறையாகக் காட்டு விலங்குகளுக்கு அமைந்தது. யானைக் கூட்டமும் காட்டெருமையும் மிளாவும் கரைக்கு வரத் தொடங்கின. அவற்றைப் பார்க்க மனிதர்களும் வந்தார்கள்.

ஏரியைச் சுற்றிய காடு 1899-இல் காப்புக்காடானது. திருவிதாங்கூர் அரசு 1933-இல் எஸ்.சி.எச். ராபின்சனை வனவிலங்குக் காப்பாளராக நியமித்தது. அடுத்த ஆண்டே நெல்லிக்காம்பட்டி சரணாலயம் பிறந்தது. 1950-இல் பெரியாறு சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம், 1982-இல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்கா என்று காட்டின் தகுதி படிப்படியாக உயர்ந்தது.

ஆனால் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் நிலை வேறு. மன்னான், பளியர் குடிகள் 1940களில் உள்காட்டிலிருந்து குமுளி ஊரின் ஓரத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். மன்னாக்குடி, பளியக்குடி என்ற பெயர்களில் அந்தக் குடியிருப்புகள் இன்றும் காப்பக எல்லையை ஒட்டி இருக்கின்றன. அவர்களில் மிளகு பயிரிட்டவர்கள் வியாபாரிகளிடம் கடன்பட்டார்கள். விளைந்த மிளகு கடனுக்கே போனது.

சட்டம் கடுமையாகக் கடுமையாகக் கள்ள வேட்டையும் வளர்ந்தது. தந்தத்துக்காக ஆண் யானைகள் தேடித்தேடிக் கொல்லப்பட்டன. 1960களின் இறுதியில் ஆறு பெண் யானைக்கு ஓர் ஆண் என்று இருந்த விகிதம், 1980களின் இறுதியில் நூறு பெண்ணுக்கும் மேல் ஓர் ஆண் என்று சரிந்தது. காப்பகம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால்தான் இவ்வளவும் நடந்தது.

இன்னொரு பக்கம் வயணப்பட்டைக் கூட்டம். வயணம் ஒரு காட்டு இலவங்க மரம். மசாலாச் சந்தையில் அதன் பட்டைக்கு எப்போதும் விலை உண்டு. மலையோரத்து ஆட்கள் அரிசியும் சாக்கும் சுமந்து காட்டுக்குள் போவார்கள். நாள்கணக்கில் தங்கி, கிடைத்த விலங்கை அடித்துத் தின்று, மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்து எடுத்துவருவார்கள். சுற்றி உரித்த மரம் பிழைக்காது. வனக்காவலர் கண்ணில் பட்டால் ஓட்டம், சிக்கினால் வழக்கு, வெளியே வந்தால் மறுபடியும் காடு. வழக்குச் செலவுக்காகவே திரும்பப் பட்டை உரிக்கப் போக வேண்டிய கட்டாயமும் இருந்தது. லாபத்தில் பெரும்பங்கு இடைத்தரகருக்குப் போனது.

1990களின் பின்பாதியில் உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம் பெரியாற்றுக்கு வந்தபோது, வனத்துறை அதிகாரிகள் சிலர் இந்த ஆட்களிடமே பேச முடிவு செய்தார்கள். அதுதான் இந்த வரலாற்றின் திருப்பம். இருபதுக்கும் மேற்பட்டோர் பட்டை உரிப்பதை விட்டுவிட்டு முன்வந்தார்கள். கடத்தல் தடங்களையும் அதில் இருந்த ஆட்களையும் பற்றித் தாங்கள் அறிந்ததைச் சொன்னார்கள். பதிலுக்கு அவர்களுக்கு ஒரு தொழில் கிடைத்தது. ‘முன்னாள் வயணப்பட்டை சேகரிப்போர்’ என்ற பெயரிலேயே ஒரு குழு பதிவானது. 1998-இல் ‘பெரியாறு டைகர் டிரெயில்’ என்ற மலையேற்றப் பயணம் தொடங்கியது.

அந்தப் பயணத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். விருந்தினர் ஐந்து பேருக்கு மேல் போக முடியாது. அவர்களோடு வழிகாட்டிகள் ஐவர், துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர். கிளம்புமுன் முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறையை மாட்டிவிட்டு, அதன்மேல் மூக்குப்பொடியைத் தூவுவார்கள். ஓரிரவோ ஈரிரவோ கூடாரத்தில் தங்கல். ஒடிந்த கிளையையும் சாணத்தின் ஈரத்தையும் பார்த்து, யானை எப்போது கடந்தது, எந்தப் பக்கம் போனது என்று வழிகாட்டி சொல்வார். ஒருகாலத்தில் காவலரிடமிருந்து தப்பக் கற்ற வித்தை அது. விருந்தினர் நடக்கும் தடமே ரோந்துத் தடமும்கூட. பார்வையாளர் காட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் காட்டுக்கு ஆறு காவலர்கள் கூடுதலாகக் கிடைக்கிறார்கள். வழிகாட்டிகளின் கூலி விருந்தினர் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது.

மூங்கில் பரிசல் பயணம், பழங்குடியினர் நடத்தும் நடைப்பயணம் என்று பின்னர் பல கிளைகள் முளைத்தன. மன்னாக்குடியில் மிளகுக் கடன்கள் அடைக்கப்பட்டு விளைச்சல் விவசாயி கைக்குத் திரும்பியது. 2002-இல் சுற்றுவட்டாரப் பெண்கள் ‘வசந்த சேனை’ அமைத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குழு ஊதியம் எதுவும் வாங்காமல் காட்டைச் சுற்றிவரும். சந்தன மரத்தின் அருகே புதிய வெட்டு இருக்கிறதா என்று பார்க்கும். மற்ற நாட்களில் அவர்கள் வீட்டு வேலையும் கூலி வேலையும் பார்க்கும் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள்.

உலக வங்கிப் பணம் நின்ற பிறகும் இது நிலைத்ததற்குக் காரணம் ஒரு நிர்வாக ஏற்பாடு. பார்வையாளர் கட்டணம் வழக்கமாக அரசுக் கருவூலத்துக்குப் போய்விடும். பெரியாற்றில் நுழைவுச்சீட்டோடு ஒரு கூடுதல் தொகை வசூலித்து, அதை நிர்வகிக்கப் ‘பெரியாறு பவுண்டேஷன்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஆய்வாளர் சம்பளமும் கிராமக் குழுக்களுக்கான உதவியும் அங்கிருந்து வந்தன. 2006-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, நாட்டின் எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இத்தகைய அமைப்பு வேண்டும் என்று சட்டமே சொன்னது.

இவ்வளவு இருந்தும் தேக்கடிக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது படகு மட்டுமே. 2009 செப்டம்பர் 30 மாலை அந்த ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததாக அப்போது செய்திகள் கூறின. உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏற்றிச்சென்றிருந்தார்கள். அதன் பிறகே அந்தச் சட்டை கட்டாயமானது. எத்தனை பேரை ஏற்றினோம் என்பதை வெற்றியின் அளவாக வைக்கும் சுற்றுலா, காட்டை மட்டுமல்ல, வந்தவர்களையும் கைவிட்டுவிடும் என்பதற்கு அந்த மாலை சாட்சி.

தமிழ்நாட்டுக்கு இது அண்டை மாநிலத்துக் கதை மட்டும் இல்லை. சித்திரைப் பௌர்ணமியன்று தமிழர்கள் திரளாக ஏறும் மங்கலதேவி கண்ணகி கோயில் இந்தக் காப்பகத்தின் எல்லையில்தான் இருக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் பெரியாற்றுக் காட்டோடு தொடர்ச்சியாக இணைகிறது. புலிக்கு அது ஒரே காடு. அங்கும் பளியர் குடிகள் வாழ்கிறார்கள். சின்னமனூரிலிருந்து ஏறும் மலைச்சாலையில் வாரக்கடைசி வண்டிகளும் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகலாம், வழிகாட்டி வேலை யாருக்கு, கட்டணத்தில் எவ்வளவு காட்டோர ஊர்களுக்கு என்ற மூன்றையும் விடுதிகள் பெருகுவதற்கு முன்பே மேகமலை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பெரியாறு ஒரு நூற்றாண்டு தாமதித்துக் கற்ற பாடத்தை அது இப்போதே பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.